டிரம்ஸிலிருந்து தொடங்குங்கள்: இண்டி ராக் பேண்டுகளின் ஒலி எப்படி மாறுகிறது

ஓர் இண்டி ராக் பேண்ட் (பெரிய இசை நிறுவனங்களின் வழிக்கு வெளியே வளர்ந்த ராக் வகை) நான்காவது, ஐந்தாவது ஆல்பத்துக்கு வரும்போது அதன் ஒலி மாறியிருந்தால், விமர்சனங்களில் பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள்தான் கிடைக்கும். பக்குவப்பட்டுவிட்டார்கள் என்பது ஒன்று. விலைபோய்விட்டார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. இரண்டும் இசைக்கலைஞர்களின் குணத்தைப் பற்றிப் பேசுகின்றன. காதில் விழுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒலி மாறுவதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் இருக்கின்றன: பாட்டு எந்தக் கருவியை வைத்து எழுதப்பட்டது, எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்களா, எத்தனை டிராக் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலித்தடம்) இருந்தது, அவற்றைக் கலக்கும் மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்தவர் யார், பேண்டை விட்டுப் போனவர் யார். இவை எல்லாமே பதிவில் தடயம் விட்டுச் செல்கின்றன. அந்தத் தடயம் முதலில் தெரியும் இடம் டிரம்ஸ்.

கிட்டாரின் தொனியை ஒரு பெடலை மிதித்து நொடியில் மாற்றிவிடலாம். பாடகரின் குரல் வருடக்கணக்கில்தான் மாறும். டிரம்ஸ் விஷயம் வேறு. அதைப் பதிவுசெய்ய நல்ல அறை வேண்டும், பல மைக்குகள் வேண்டும், அவற்றை நகர்த்தி நகர்த்திப் பார்க்கப் பொழுது வேண்டும். ராக் பதிவில் அதிகம் செலவு பிடிக்கும் பகுதி அதுதான். கையில் எவ்வளவு பணம் இருந்தது, எந்த அறை கிடைத்தது, எப்படிப்பட்ட எஞ்சினியர் வந்தார் என்பதெல்லாம் முதலில் அங்கேதான் படியும்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு முன் கொஞ்சம் ஏற்பாடு தேவை. ஒரு பேண்டின் முதல் ஆல்பம், நடுவில் ஒன்று, கடைசி ஆல்பம் என மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றிலும் வேகமான பாட்டு ஒன்று, மெதுவான பாட்டு ஒன்று. ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை இயக்கிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை ஏறக்குறைய -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. இதைச் செய்யாவிட்டால் சத்தமாக இருக்கும் பதிவில் பேஸும் (தாழ்ந்த ஒலிகள்) சிம்பலும் (டிரம் செட்டின் உலோகத் தட்டு) தூக்கலாகக் கேட்கும், காது அதையே நல்ல ஒலி என்று தீர்மானித்துவிடும். ஒரே பதிவை 1 டெசிபல் ஏற்றி மறுபடி போட்டாலே இந்த ஏமாற்று நடக்கும்.

ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிடுவது, இன்னொரு பொறி. 1990களில் வந்த ஆல்பங்கள் பிற்பாடு ரீமாஸ்டர் ஆகும்போது பல நேரங்களில் கம்ப்ரஷன் (உரத்த ஒலிக்கும் சன்னமான ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது) கூடியிருக்கும். ஸ்நேரின் (டிரம் செட்டில் கூர்மையாக ஒலிக்கும் டிரம்) முதல் அடி மழுங்கி, அறையின் முழக்கம் மேலெழுந்திருக்கும். அந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து ஒலியைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது. முதல் வெளியீட்டின் பதிப்பு கிடைத்தால் அதையே கேளுங்கள். கிடைக்காவிட்டால் மூன்று ஆல்பங்களிலும் ரீமாஸ்டரையே எடுத்துக்கொள்வது மேல். குறைந்தபட்சம் ஒரே வகைச் சிதைவு எல்லாவற்றிலும் இருக்கும்.

இப்போது ஸ்நேரை மட்டும் பின்தொடருங்கள். அடி விழுந்ததும் ஒலி டப்பென்று அறுந்துபோகிறதா, இல்லை ஒரு வால் நீள்கிறதா? அந்த வால் ஓர் அறையின் முழக்கமா, இயந்திரத்தில் சேர்த்த ரிவெர்பா? அறையின் முழக்கம் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), டாம் (குச்சியால் அடிக்கும் மற்ற டிரம்கள்), சிம்பல் எல்லாவற்றோடும் ஒட்டியே வரும். செயற்கை ரிவெர்ப் பெரும்பாலும் ஸ்நேரில் மட்டும் தொங்கும். அடுத்து, ஹெட்ஃபோனில் ஹை-ஹாட் (இரட்டைச் சிம்பல்) ஒரு பக்கமாகவும் ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டாம்) மறுபக்கமாகவும் விரிந்து கிடக்கின்றனவா, எல்லாம் நடுவிலேயே குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குவிந்திருந்தால் மைக்குகள் குறைவு, அல்லது வேண்டுமென்றே ஒரே டிராக்கில் அடைத்திருக்கிறார்கள். விரிந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு மைக் வைக்க வசதியுள்ள இடத்துக்குப் பேண்ட் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தி ஸ்ட்ரோக்ஸை வைத்து இதைச் சோதிப்பது சுலபம், ஏனென்றால் ஆட்கள் மாறவே இல்லை. 2001இல் வந்த முதல் ஆல்பத்தை கார்டன் ரஃபேல் நியூயார்க்கில் ஒரு தரைக்கீழ் ஸ்டுடியோவில் பதிவுசெய்தார். டிரம்ஸ் வறண்டு, குறுகி, இயந்திரம் வாசித்ததுபோல் இருக்கும். ஜூலியன் காசபிளாங்காஸின் குரலைச் சின்னப் பயிற்சி ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றின் வழியாக அனுப்பியதால் அது தொலைபேசியில் கேட்பதுபோல் நசுங்கியிருக்கும். 2003இல் வந்த இரண்டாவது ஆல்பத்திலும் அதே ரஃபேல். ஒலியும் கிட்டத்தட்ட அதே. மூன்றாவது, 2006இல். அதன் பெரும்பகுதியில் டேவிட் கானே மேசைக்கு வந்துவிட்டார். டிரம்ஸ் அகலமாகிறது, கிட்டார்கள் தடிக்கின்றன, குரலில் இருந்த திரை விலகுகிறது. அதே ஐந்து பேர்தான். இதற்கெல்லாம் முதிர்ச்சி என்று பேர் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்நேருக்கு அடுத்து வேகத்தை அளந்து பாருங்கள். இதற்கு ஒரு நிறுத்துக்கடிகாரம் போதும். முதல் கோரஸில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதி) எட்டு பார் (நான்கு அடி கொண்ட தாள அளவு), அதாவது 32 அடி, எத்தனை நொடி பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி கோரஸிலும் அதையே செய்யுங்கள். 13.7 நொடி என்றால் நிமிடத்துக்கு 140 அடி. கடைசியில் அதுவே 13.2 நொடிக்கு வந்திருந்தால் 145ஐத் தாண்டிவிட்டது. அறையில் சேர்ந்து வாசிக்கும் பேண்ட் கோரஸுக்குள் நுழையும்போது இப்படி நிமிடத்துக்குச் சில அடி கூடி முன்னால் சாய்வது இயல்பு. கேட்பவருக்கு அது வேகமாகத் தெரியாது, உற்சாகமாகத்தான் தெரியும். எல்லா இடத்திலும் அளவு இம்மி பிசகாமல் இருந்தால் டிரம்மர் காதில் கிளிக் (வேகத்தைக் காட்டும் சீரான டிக் டிக் ஒலி) ஓடியிருக்கிறது, அல்லது கணினியில் அடிகளை இழுத்து நேராக்கியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ஒரு பேண்டின் வரலாற்றில் ஆல்பத்தின் பெயரை விட முக்கியமான தேதி கிளிக் வந்த நாள்தான். அதிலிருந்து ஒரு சங்கிலி ஓடுகிறது. கிளிக் வந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவுசெய்ய முடிகிறது. தனித்தனியாகச் செய்ய முடிந்தால் திருத்தவும் முடிகிறது. ஆனால் கோரஸில் முன்னால் சாய்ந்த அந்த வேகம் போய்விட்டது. அந்த எழுச்சியை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அப்போதுதான் கோரஸில் இரண்டாவது கிட்டார், மூன்றாவது கிட்டார், பின்னணிக் குரல்கள், ஒரு சின்தசைசர், டாம்பரின் என்று அடுக்கத் தொடங்குகிறார்கள். அடுக்க அடுக்க ஒவ்வொன்றுக்கும் இடம் குறையும். மிக்ஸிங்கில் கிட்டார்களின் கீழ்ப்பகுதியை 150 ஹெர்ட்ஸ் வரை வெட்டுவார்கள். தனியாகக் கேட்டால் ஒவ்வொரு கிட்டாரும் மெலிந்து கிடக்கும். முதல் ஆல்பத்தில் இரண்டு கிட்டார்கள் தந்த முரட்டுத்தனத்தை மூன்றாவதில் எட்டு கிட்டார்கள் தராமல் போவது இதனால்தான். இந்த அடுக்கை மேடையில் வாசிக்க ஆள் போதாது, கூடுதல் வாசிப்பாளர் வருகிறார், அடுத்த ஆல்பம் அவரையும் கணக்கில் வைத்து எழுதப்படுகிறது.

டிராக் எண்ணிக்கைக்கும் ஒலியின் மேல் இதே மாதிரி பிடி உண்டு. டீயாக் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144 சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதிவுசெய்தது; கேசட்டின் வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு, நொடிக்கு 3¾ அங்குலம், அதன் ஓட்டம். இந்த வகைக் கருவிகள்தான் வீட்டிலிருந்தே பதிவுசெய்யும் இண்டி பேண்டுகளைச் சாத்தியமாக்கின. நான்கு டிராக்கில் வேலை செய்யும் முறை இது: டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் முதல் மூன்றில் பதிந்து, மூன்றையும் கலந்து நான்காவதுக்கு மாற்றிவிட்டு, காலியான மூன்றில் குரலையும் மற்றதையும் சேர்ப்பது. மாற்றிய பிறகு உள்ளே இருப்பதைத் தொட முடியாது. மேலே இரண்டு கிட்டார்கள் ஏறியதும் கிக் புதைந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்திலும் டேப்பின் இரைச்சல் ஏறும், உச்ச அலைவரிசைகள் தேயும். விவரம் தெரிந்தவர்கள் கலக்கும் நேரத்திலேயே கிக்கையும் பேஸையும் தேவைக்கு மேல் கொஞ்சம் ஏற்றி, சிம்பல் பகுதியைக் கூசும் அளவுக்குப் பிரகாசமாக வைத்துவிடுவார்கள். பிற்பாடு அது தேய்ந்து சரியான இடத்தில் வந்து உட்காரும்.

ஒஹாயோ மாநிலம் டேட்டனைச் சேர்ந்த கைடட் பை வாய்சஸ் 1994இல் வெளியிட்ட 'பீ தௌசண்ட்' இந்த உலகத்தின் உச்சம். 20 பாட்டுகள், மொத்தமே 40 நிமிடத்துக்குக் குறைவு. பாட்டுகள் ஏன் இவ்வளவு சின்னவை என்பதற்கு என் கணிப்பு: இரண்டாவது நிமிடம் முடிந்ததும் புதிதாகச் சேர்க்க டிராக் இல்லை, எனவே சொல்ல வந்ததைச் சொன்னவுடன் நிறுத்திவிட்டார்கள். 1999இல் அந்தப் பேண்டின் பாடகரும் பாடலாசிரியருமான ராபர்ட் பொலார்டு, ரிக் ஓகாசெக்கின் தயாரிப்பில், முறையான ஸ்டுடியோவில் ஒரு ஆல்பம் செய்தார். மெட்டுகள் அதே கையிலிருந்து வந்தவைதான். டேப் இரைச்சலுக்குள் பாதி மறைந்திருந்த மெட்டுக்கு இருந்த மர்மம், எல்லாம் துலக்கமாகக் கேட்டதும் குறைந்துவிட்டது. அந்த ஆல்பம் மோசமில்லை. ஆனால் நான்கு டிராக்குக்காக எழுதும் பழக்கத்தை 24 டிராக்குக்கு அப்படியே கொண்டுபோனால் நடுவில் வெற்றிடம் தெரியும்.

மேசையில் இருப்பவரைப் பின்தொடர்வது பேண்டைப் பின்தொடர்வதை விடச் சில சமயம் அதிகம் சொல்லிக்கொடுக்கும். சிகாகோவின் எலெக்ட்ரிகல் ஆடியோ ஸ்டுடியோவை நடத்திவந்த, 2024இல் மறைந்த ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி ராயல்டி வாங்கமாட்டார், நிர்ணயித்த கூலி மட்டும்தான். பேண்ட் அறையில் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே டேப்பில் வர வேண்டும் என்பது அவர் கட்சி. அறை மைக்குகள் தாராளமாக, கம்ப்ரஷன் குறைவாக, டிரம்ஸ் முன்னால். டேவ் ஃப்ரிட்மன் இதற்கு நேர் எதிர். நியூயார்க் மாநிலத்தில் உள்ள அவருடைய டார்பாக்ஸ் ரோடு ஸ்டுடியோவிலிருந்து வரும் பதிவுகளில் டிரம்ஸ் மீட்டரின் உச்சியைத் தாண்டி உடைந்து நொறுங்கும். தி ஃப்ளேமிங் லிப்ஸின் 1999ஆம் ஆண்டு ஆல்பம், டேம் இம்பாலாவின் முதல் இரண்டு ஆல்பங்கள் (2010, 2012) எல்லாவற்றிலும் அந்த நொறுங்கல் இருக்கிறது. டேம் இம்பாலாவில் அவர் மிக்ஸிங் மட்டும் செய்தார். கருவிகளில் அநேகமாக எல்லாம் கெவின் பார்க்கரே. 2015இல் வந்த மூன்றாவது ஆல்பத்தை பார்க்கர் தானே மிக்ஸ் செய்தார். டிரம்ஸ் சட்டென்று சுருங்கி, சுத்தமாகி, நடனத்தளத்துக்கு ஏற்ற அளவில் வந்து நிற்கிறது. கிட்டார் ஒதுங்கி சின்தசைசர் முன்னால் வந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். கிக்கைக் கேட்டிருந்தால் அதே சேதி முதல் பத்து நொடியில் கிடைத்திருக்கும்.

அல்பினியிடமும் ஃப்ரிட்மனிடமும் பதிவுசெய்த ஒரு பேண்ட் உண்டு: லோ. மின்னசோட்டா மாநிலம் டுலூத்தில் 1993இல் தொடங்கிய மூவர் குழு. ஒலி மாற்றத்தைப் பற்றிப் படிக்க ஒரே ஒரு பேண்டைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். 1994இல் வந்த முதல் ஆல்பத்தில் எல்லாம் மிக மெதுவாக, மிகச் சன்னமாக நகரும். மிமி பார்க்கர் நின்றுகொண்டு வாசிப்பார். ஒரு ஸ்நேர், ஒரு ஃப்ளோர் டாம், ஒரு சிம்பல், குச்சிக்குப் பதில் பெரும்பாலும் பிரஷ். அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பாட்டின் எடையைத் தாங்குகிறது. அதன் மேல் அவரும் கிட்டார்காரர் ஆலன் ஸ்பார்ஹாக்கும் சேர்ந்து பாடும் இரட்டைக் குரல்.

2001இல் அல்பினி பதிவுசெய்த ஆல்பத்தில் அதே சிறு டிரம் செட்டைச் சுற்றி அறை தெரியத் தொடங்குகிறது. 2005இல் ஃப்ரிட்மன் வந்ததும் கிட்டார் உறுமுகிறது, சிம்பல் சிதறுகிறது. 2007இல் டிரம்ஸ் பாதி லூப்பாக (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டாக) மாறிவிடுகிறது. 2015இலிருந்து தயாரிப்பாளர் பி.ஜே. பர்டன். அவரோடு செய்த 'டபுள் நெகட்டிவ்' 2018இல் வந்தபோது டிரம்ஸ் என்று பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. எங்கோ ஒரு துடிப்பு இருக்கிறது. அது வரும்போதெல்லாம் மற்ற எல்லா ஒலியும் அமுங்கி மீண்டும் எழுகிறது. 2021இன் 'ஹே வாட்' ஆல்பத்தில் டிரம்ஸே அநேகமாகக் கிடையாது. கிட்டார் கிட்டாராகவே கேட்காது. ஆனால் அந்த இரட்டைக் குரல் 1994இல் எப்படியோ அப்படியே, மேலே, சுத்தமாக. மிமி பார்க்கர் 2022இல் இறந்துபோனார். அந்த ஆல்பமே லோவின் கடைசி ஆல்பமாகிவிட்டது.

குரலைத் தவிர எல்லாவற்றையும் அழித்துப் பார்த்த பேண்ட் அது. கேட்பவர் கைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் பிடித்துக்கொள்ள அந்தக் குரல்கள் இருந்தன. பல பேண்டுகளின் மாற்றம் தோற்பது இந்த இடத்தில்தான்: குரலின் தொனி, மெட்டு, டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் ஒரே ஆல்பத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

அந்த அமுங்கி எழும் ஒலியை முயல நினைப்பவர்களுக்கு: கிட்டார், சின்தசைசர் இரண்டையும் ஒரு குழுவாக்கி, அதன் மேல் கம்ப்ரஸர் (ஒலியை அமுக்கும் கருவி) ஒன்றைப் போட்டு, அதைக் கிக்கின் சிக்னலால் இயக்குங்கள். அமுக்கும் விகிதம் 8:1 அல்லது அதற்கு மேல். முக்கியம் ரிலீஸ் நேரம், அதாவது அமுங்கிய ஒலி பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். 75 என்ற வேகத்தில் 800. அதில் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவே ரிலீஸை வையுங்கள், 400 முதல் 600. மிகக் குறைவாக வைத்தால் தாழ்ந்த சுரங்களில் கரகரப்பு வரும், ஏனென்றால் கம்ப்ரஸர் ஒலி அலையின் வடிவத்தையே துரத்தத் தொடங்கிவிடும். மிக அதிகமாக வைத்தால் ஒலி மேலே எழுவதற்குள் அடுத்த கிக் வந்துவிடும். துடிப்பு காணாமல்போய் எல்லாம் சும்மா சன்னமாகிவிடும்.

சில மாற்றங்களை யாரும் திட்டமிடுவதில்லை. 1999 ஜூலையில் கலிஃபோர்னியாவில் சோனிக் யூத்தின் வண்டி கருவிகளோடு திருடுபோனது. வேறு பேண்டாக இருந்தால் புது கிட்டார்கள் வாங்கிக்கொண்டு மறுநாள் மேடை ஏறியிருக்கும். சோனிக் யூத்தின் ஒவ்வொரு கிட்டாரும் குறிப்பிட்ட சில பாட்டுகளுக்கான தனிச் சுருதியிலும் தனித் தந்தி அமைப்பிலும் இருந்தது. சிலவற்றைத் தங்கள் கையாலேயே மாற்றியமைத்திருந்தார்கள். கிட்டார் போனால் பாட்டும் போனது. 2000இல் வந்த அடுத்த ஆல்பம் சிதறலாக, பேச்சும் இரைச்சலுமாக இருக்கிறது. அதற்கு அப்போது கிடைத்த திட்டு எனக்கு நியாயமாகப் படவில்லை. பழைய விரல்நிலைகள் எதுவும் கைகொடுக்காத நிலையில் மறுபடி தொடங்கியவர்களின் பதிவு அது.

தாழ்ந்த சுருதிகளை முயல்பவர்கள் தந்தியின் தடிமனை மறந்துவிடுவார்கள். முழு கிட்டாரையும் இரண்டு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். 10இல் தொடங்கும் தந்தி செட்டை (மிக மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) அப்படியே வைத்திருந்தால் அழுத்தி மீட்டும்போது சுருதி மேலே எகிறி இறங்கும், தாழ்ந்த தந்தி ஃபிரெட்டில் (கழுத்தின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உரசும். 11இல் தொடங்கும் செட்டுக்கு மாறினால் பழைய இழுவிசை ஏறத்தாழ திரும்பிவிடும். மாற்றிய பிறகு 12ஆவது ஃபிரெட்டில் சுருதி சரிபார்த்து, கிட்டாரின் உடல் பக்கம் தந்தி உட்காரும் சேடிலை நகர்த்த வேண்டும். கழுத்தின் முனையில் உள்ள நட்டில் தந்தி சிக்கி 'டிங்' என்று ஒலித்தால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். இன்னொரு விளைவு பாடகருக்கு: மெட்டும் கூடவே இரண்டு அரைச்சுரம் இறங்குகிறது. உச்சத்தில் நெருக்கிப் பாடிய குரலில் இருந்த பதற்றம் குறைந்து, பேச்சுக்கு நெருங்கிய நிதானம் வரும். கேட்பவர்கள் அதைத்தான் 'முதிர்ச்சி' என்பார்கள்.

பாட்டை எந்தக் கருவியில் எழுதுகிறார்கள் என்பதும் ஒலியை மாற்றுகிறது, அதுவும் ஆழமாக. ஆர்க்டிக் மங்கீஸின் 2006ஆம் ஆண்டு முதல் ஆல்பம் மேடையில் வாசித்து வாசித்துத் தேய்ந்த பாட்டுகளால் ஆனது: வேகம், இரண்டு கிட்டார்களின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு), மூச்சுவிடாத வரிகள். மூன்றாவது ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் ஜாஷ் ஹோமியோடு கலிஃபோர்னியப் பாலைவனத்துக்குப் போனதும் (2009) வேகம் இறங்கி, ஒலி தடித்து இருண்டது. 2018 ஆல்பத்துக்கு முன் பாடகர் அலெக்ஸ் டர்னர் கிட்டாரை ஓரம் வைத்துவிட்டுப் பியானோவில் எழுதத் தொடங்கினார். அது எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கிட்டாரில் எழுதுபவரின் கை முழு கோர்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரே வடிவத்தில் மேலும் கீழும் நகர்த்தும். பியானோவில் ஒரு விரல் மட்டும் அரைச்சுரம் நகர்ந்தால் போதும், கோர்ட் வேறாகிவிடும். மெட்டுக்கு அடியில் ஓயாத உள்நகர்வு வருகிறது, ரிஃப் என்ற ஒன்றே தேவையற்றுப்போகிறது, டிரம்ஸும் அடக்கி வாசிக்க வேண்டியதாகிறது. சுருதியைப் பார்த்தும் ஊகிக்கலாம்: கிட்டார் பாட்டுகள் திறந்த தந்திகள் கிடைக்கும் ஈ, ஏ, டி, ஜி பக்கம் சாய்ந்திருக்கும், பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் அடிக்கடி வரத் தொடங்கினால் அறைக்குள் பியானோ வந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

ஆள் போவதும் அப்படித்தான். ஃப்ளேமிங் லிப்ஸின் கிட்டார்காரர் ரொனால்டு ஜோன்ஸ் 1996இல் விலகியபோது அவர்கள் வேறொரு கிட்டார்காரரைத் தேடவில்லை. டிரம்மர் ஸ்டீவன் டிரோஸ்டு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். 1997இல் நான்கு சிடிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கேட்க வேண்டிய ஓர் ஆல்பம், 1999இல் சின்தசைசரால் கட்டிய ஆர்கெஸ்ட்ராவும் உடைந்த டிரம்ஸும் சேர்ந்த இன்னொன்று. கிட்டார் இருந்த இடத்தைக் காலியாக விட்டதால் வந்த ஒலி அது.

தங்கள் ஒலியை மாற்ற நினைக்கும் பேண்டுக்கு என் முதல் யோசனை, பெடல் வாங்காதீர்கள். நன்றாகத் தெரிந்த பழைய பாட்டு ஒன்றை எடுத்து, டிரம்ஸை மட்டும் மாற்றிப் பதிவுசெய்யுங்கள். ஸ்நேர், டாம் மேல் மெல்லிய துணி விரியுங்கள். மூன்றே மைக்: கிக்குக்கு ஒன்று, டிரம் செட்டுக்கு மேலே ஒன்று, ஃப்ளோர் டாம் பக்கமாக ஸ்நேரைப் பார்த்தபடி ஒன்று. கடைசியாகச் சொன்ன இரண்டு மைக்குகளும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில், ஏறக்குறைய ஒரு மீட்டரில், இருக்க வேண்டும். கயிறு பிடித்து அளந்துகொள்ளுங்கள். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒலி 1 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும், இரண்டையும் கலக்கும்போது ஸ்நேரின் உடம்பு கரைந்துவிடும். பிறகு கம்ப்ரஷன் கடுமையாக: 10:1, அட்டாக் (அடி விழுந்தபின் அமுக்க எடுக்கும் நேரம்) 20 மில்லிநொடி, ரிலீஸ் 80. அட்டாக்கை 1 மில்லிநொடிக்குக் கீழே இறக்கினால் குச்சியின் அடி செத்துவிடும். இந்த முறையில் அடிக்கடி கெடுவது சிம்பல். கம்ப்ரஸர் சன்னமானதையெல்லாம் மேலே தூக்கும், சிம்பலின் வால் எல்லாவற்றையும் மூடிவிடும். மிக்ஸிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது. டிரம்மர் சிம்பலைப் பாதி விசையில், ஸ்நேரை முழு விசையில் அடிக்கப் பழக வேண்டும். அதற்கு ஓரிரு வாரம் பிடிக்கும்.

சின்தசைசர் சேர்க்கும் பேண்டுகள் எல்லாம் ஒரே சுவரில்தான் முட்டுகின்றன. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82. சின்தசைசரில் இரண்டு கைகளாலும் அகலமான கோர்டைப் பிடித்தால் அது இரண்டின் மேலும் விழுந்து, 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை சேறாகிவிடும். ஈக்வலைசரைத் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகுவதற்கு முன் இடது கையை எடுத்துவிடுங்கள். கோர்டின் மூன்றாம் சுரத்தைச் சின்தசைசர் ஏற்றுக்கொண்டால், டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவு) போட்ட கிட்டார் மூலச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் வாசிக்கட்டும். டிஸ்டார்ஷனுக்குள் மூன்றாம் சுரம் போனால் கூடுதல் அதிர்வெண்கள் பிறந்து கலங்கும். பேஸ் பகுதியை ஒரு பாட்டில் ஒருவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும், சின்தசைசரோ பேஸ் கிட்டாரோ.

பிறகு மேடை. முன்பதிவு செய்த ஒலிகளை மடிக்கணினியிலிருந்து ஓடவிட்டால் கிளிக்குக்குத் தனி அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (கணினியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் பெட்டி) கட்டாயம். இடது சேனலில் கிளிக், வலதில் இசை என்று ஒரே ஸ்டீரியோ கேபிளில் ஒப்பேற்றினால், ஒலிப்பொறியாளர் கேபிளை மாற்றிச் செருகிய அன்று அரங்கம் முழுக்கக் கிளிக் கேட்கும். சின்தசைசரும் கணினிக்குள்ளேயே இருந்தால் பஃபரைக் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) கவனியுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிநொடி தாமதம், 1024 என்றால் 21. பத்தைத் தாண்டினாலே வாசிப்பவரின் கை தாளத்துக்குப் பின்னால் இழுக்கத் தொடங்கும்.

இந்த ஏற்பாட்டோடு பழைய பாட்டுகளையும் வாசிக்க வேண்டிவரும். அவற்றுக்குக் கிளிக்கை நிறுத்திவிட்டு, டிரம்மர் குச்சியால் நான்கு தட்டித் தொடங்கட்டும். ஸ்நேரின் மேலிருக்கும் துணியையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பாட்டுகள் 140இல் தொடங்கி 145இல் முடியும்படி எழுதப்பட்டவை.